ஜாஸ், தொப்பி, சினிமா: புதிர் எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்ப்பது

க்விஸ் போட்டிகளில் ஒரு வகைக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். ஒரு ஜாஸ் கலைஞர், ஒரு தொப்பி, ஒரு சினிமாவோ டிவி தொடரோ, மூன்றையும் சேர்த்து ஒரே முடிச்சாகப் போட்டிருப்பார்கள். எங்கள் குழு சிக்கும்போதெல்லாம் பார்த்தால், சிக்கும் இடங்கள் பெரும்பாலும் அதே சில இடங்கள்தான். அதனால் அறிகுறியை வைத்துப் பிரித்திருக்கிறேன். உங்கள் கேள்வி எங்கே நிற்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத சோதனை முதலில், நேரமோ பணமோ கேட்பது கடைசியில்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். "தொப்பி" என்று பொதுவாக எழுதி வைக்காதீர்கள், வடிவத்தின் பெயரை எழுதுங்கள். கேள்வி தயாரிப்பவர் தொப்பியைச் சும்மா வைப்பதில்லை. அது எந்தத் தொப்பி என்பதிலேயே பாதி விடை இருக்கும்.

## அறிகுறி 1: தொப்பி தெரிகிறது, ஆள் பிடிபடவில்லை

காரணம்: வடிவத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பெரும்பாலான நேரம் இதுதான். உச்சியையும் விளிம்பையும் தனித்தனியாகப் பாருங்கள்.

உச்சி தட்டையாக இருக்கிறது, அதைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடுகிறது, விளிம்பு குட்டை. அப்படியென்றால் அது போர்க் பை தொப்பி. ஜாஸ் பக்கம் இதற்கு முதல் விடை லெஸ்டர் யங். டெனர் சாக்ஸபோன் வாசித்தவர். 1930களில் கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் பெயர் எடுத்தவர். 'பிரெஸ்' என்ற செல்லப் பெயர் வந்தால் அதுவும் இவர்தான். 1944இல் வந்த 'ஜாமின் த ப்ளூஸ்' என்ற குறும்படத்தின் தொடக்கத்தை ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரையில் முதலில் வட்டத்துக்குள் வட்டமாக ஏதோ தெரியும், என்ன என்றே புரியாது. அவர் தலையை நிமிர்த்தும்போதுதான் அது மேலிருந்து பார்த்த தொப்பி என்று தெரியும். அந்த வட்டங்களை மட்டும் படமாகக் காட்டி "யார் இது?" என்று கேட்க எல்லா வாய்ப்பும் உண்டு. அதேபோல் ஹெர்மன் லியோனார்ட் 1956இல் எடுத்த ஒரு புகைப்படம். அதில் ஆளே கிடையாது. தொப்பி, சாக்ஸபோன் பெட்டி, ஒரு கோக் பாட்டில், எழும்பும் சிகரெட் புகை, அவ்வளவுதான். அதற்கும் விடை லெஸ்டர் யங்தான்.

உச்சி உருண்டையாக, கெட்டியாக, விளிம்பு ஓரம் சுருண்டு இருந்தால் அது பௌலர். அமெரிக்காவில் அதையே டெர்பி என்பார்கள். இதற்கு ஒருவர் இல்லை, பலர் இருக்கிறார்கள், அறிகுறி 3க்குப் போங்கள்.

பெரே (விளிம்பே இல்லாத, மெத்தென்ற தட்டைத் தொப்பி), தடித்த சட்டம் போட்ட கண்ணாடி, கீழுதட்டுக்கு அடியில் குறுந்தாடி மூன்றும் சேர்ந்து வந்தால் டிஸ்ஸி கில்லெஸ்பி. உறுதிப்படுத்த டிரம்பெட்டைப் பாருங்கள். அதன் வாய் வானத்தைப் பார்த்து வளைந்திருக்கும். 1953 ஜனவரியில் ஒரு விருந்தில் யாரோ அதன்மேல் விழுந்து வளைத்துவிட்டார்கள். வளைந்ததில் வந்த ஒலி அவருக்குப் பிடித்துப்போய், அதற்கப்புறம் வாங்கியதையெல்லாம் அப்படியே செய்யச் சொன்னார். ஆகவே நேரான டிரம்பெட்டோடு அவர் இருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. ஆண்டு கேட்கும் கேள்விகளில் இது கை கொடுக்கும்.

உல்லாசப் படகு ஓட்டுபவர்கள் போடும் முன்விளிம்பு வைத்த தொப்பியோடு வயதான ஒருவர் பியானோ முன்னால் இருந்தால் கவுன்ட் பேஸி. காதையும் கன்னத்தையும் மூடித் தாடையைச் சுற்றி வரும் தொப்பி என்றால் கிரெகரி போர்ட்டர், நம் காலத்துப் பாடகர், ஜாஸ் பாடலுக்கு 2014இலும் 2017இலும் கிராமி வாங்கியவர். பழைய எகிப்து மன்னர்களுடையது மாதிரித் தலையணி என்றால் சன் ரா. தான் சனிக் கிரகத்திலிருந்து வந்ததாகவே சொல்லிக்கொண்டவர், அதனால் கேள்வியில் கோள், விண்வெளி என்று ஏதாவது ஒரு சொல் கூடவே வரும்.

காரணம்: அந்த ஆளுக்கு ஒரே தொப்பி கிடையாது. மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், பியானோ இருந்து, தொப்பி மட்டும் விநோதமாக இருந்தால் தெலோனியஸ் மங்க் என்று வைத்துப் பாருங்கள். அவருக்கு இந்த வடிவம் என்று நிலையானது இல்லை, தொப்பி மாறிக்கொண்டே இருக்கும். 1964 பிப்ரவரி 28 தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் அவர் தொப்பியோடு இருக்கிறார். "டைம் அட்டையில் வந்த ஜாஸ் கலைஞர்" என்று கேட்டால் அவருக்கு முன்னால் லூயி ஆம்ஸ்ட்ராங், டேவ் புரூபெக், டியூக் எலிங்டன் மூவரும் வந்துவிட்டார்கள். அந்த வரிசையில் தொப்பியைத் துப்பாகக் கொடுத்தால் மங்க்கைத்தான் கேட்கிறார்கள்.

காரணம்: கேள்வியே ஜாஸ் பக்கம் இல்லை. போர்க் பை தொப்பியோடு கறுப்பு வெள்ளைக் கட்டங்களும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரமும் 1979ம் வந்தால், அது ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசை, டூ டோன் என்ற இசைத்தட்டு நிறுவனம். அதன் சின்னத்தில் நிற்கும் தொப்பிக்கார ஆள் ஜமைக்காவின் ரெகே பாடகர் பீட்டர் டோஷின் ஒரு படத்தை வைத்து வரையப்பட்டவர். அங்கே லெஸ்டர் யங்கை இழுத்தால் மதிப்பெண் போகும்.

## அறிகுறி 2: ஆள் தெரிகிறது, தலையில் தொப்பியைக் காணோம்

கலைஞர் யார் என்று நூற்றுக்கு நூறு தெரியும். படங்களைப் புரட்டினால் எதிலும் தொப்பி இல்லை. இந்த இடத்தில்தான் நல்ல குழுக்களும் நேரத்தைத் தொலைக்கின்றன. தொப்பி தலையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

முதல் சோதனை: அவர் டிரம்ஸ் வாசிப்பவரா? ஆமென்றால் தொப்பி என்பது ஹை-ஹாட் (hi-hat). கால் மிதியால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிம்பல்கள். பேஸி குழுவின் ஜோ ஜோன்ஸ் தாளத்தின் ஓட்டத்தை பேஸ் டிரம்மிலிருந்து ஹை-ஹாட்டுக்குக் கொண்டுபோனவர் என்று பேர் பெற்றவர். "காலால் தொப்பியைத் தட்டியவர்" என்ற மாதிரி எழுதியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது சோதனை: அவர் டிரம்பெட்டோ டிராம்போனோ வாசிப்பவரா? பித்தளைக் கருவியின் வாயை மூடித் திறந்து ஒலியை மாற்ற ஜாஸ்காரர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தியிருக்கிறார்கள். கழிநீர்த் தொட்டி அடைப்பை எடுக்கும் ரப்பர் குமிழ், கோப்பை, அப்புறம் உண்மையான டெர்பி தொப்பி. ஜாஸின் ஆரம்பக்காலக் கலைஞர் கிங் ஆலிவரின் நாளிலேயே இது உண்டு. பின்னால் தொப்பி வடிவத்திலேயே உலோகத்தில் மியூட் (ஒலியை மாற்றும் மூடி) செய்து விற்றார்கள். இசைத்தாளில் "இன் ஹாட்" என்று குறிப்பு எழுதும் வழக்கமும் இருக்கிறது. அதைப் பார்த்து வாசிப்பவர் கருவியின் வாயைத் தொப்பிக்குள் வைத்து வாசிக்க வேண்டும். கிளென் மில்லர் குழுவின் பழைய படக்காட்சிகளில் பித்தளை வரிசை முழுவதும் தொப்பிகளை ஒரே சீராக ஆட்டுவதைப் பார்க்கலாம். "தலையில் வைக்காத தொப்பி" என்று கேள்வி சொன்னால் இந்த இரண்டில் ஒன்றுதான், கருவியை வைத்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது: தலைப்பில் இருக்கிறதா? இசைத்தட்டுகளின் தலைப்பை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். இதில் முக்கியமான ஒன்றை அறிகுறி 4இல் விரிவாகப் பார்க்கலாம்.

நான்காவது: தொப்பி இல்லை என்பதே துப்பாக இருக்கலாம். லூயி ஆம்ஸ்ட்ராங் என்றால் வெள்ளைக் கைக்குட்டை. பில்லி ஹாலிடே என்றால் கூந்தலில் கார்டினியா பூ. நான்கு கலைஞர்களைக் கொடுத்து "யார் சேரவில்லை?" என்று கேட்கும்போது மற்ற மூவரும் தொப்பியால் சேர்ந்திருப்பார்கள், இவர்களில் ஒருவர் வெளியே நிற்பார். ஒரு சின்னக் கவனம்: கேள்வி "தலையில்" என்று சொல்கிறதா, "தொப்பி" என்று சொல்கிறதா? "தலையில்" என்றால் ஹாலிடேயின் பூவும் கணக்கில் வரும், அப்போது வெளியே நிற்பவர் ஆம்ஸ்ட்ராங்.

## அறிகுறி 3: ஒரே தொப்பிக்கு மூன்று பேர் பொருந்துகிறார்கள்

இது பௌலர் நோய். மூன்று பேரும் உண்மையிலேயே பௌலர்காரர்கள்தான், அதனால் தொப்பியை இன்னும் உற்றுப் பார்த்துப் பிரயோசனமில்லை. தொப்பியை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள்.

பியானோ, வாயில் சுருட்டு: வில்லி 'த லயன்' ஸ்மித். நியூயார்க்கின் ஹார்லெமில் ஸ்ட்ரைடு பாணியில், அதாவது இடது கை தாளத்துக்குத் தாவித் தாவிப் போகும் பாணியில், வாசித்தவர். சிங்கம், கர்ஜனை என்று சொல்விளையாட்டு இருந்தால் நிச்சயம்.

பியானோ, சாய்த்து வைத்த தொப்பி, முகம் நிறையக் குறும்பு, கூடவே பாட்டு: ஃபேட்ஸ் வாலர். 'எய்ன்ட் மிஸ்பிஹேவின்' அவருடைய மெட்டு. 1943இல் 'ஸ்டார்மி வெதர்' படத்தில் அவரே வந்து அதை வாசிக்கிறார், அந்த வருடக் கடைசியிலேயே காலமானார். 1943க்குப் பிந்தைய நிகழ்வு ஏதாவது கேள்வியில் இருந்தால் வாலரை அடித்துவிடுங்கள்.

கிளாரினெட், கோடு போட்ட வெயிஸ்ட்கோட், இங்கிலாந்து: ஆக்கர் பில்க். இவரை நம் பக்கம் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள், அதனாலேயே கேள்வி தயாரிப்பவர்களுக்கு இவர் மேல் தனிப் பிரியம். 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் த ஷோர்' என்ற அவருடைய இசை 1962இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸ் அங்கே போய் இறங்குவதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு பிரிட்டிஷ் கிளாரினெட்காரர் அதைச் செய்துவிட்டார். கேள்வியில் "பீட்டில்ஸுக்கு முன்பே" என்ற சொல் வந்தால் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

மூன்றும் பொருந்தவில்லையென்றால் தொப்பி ஜாஸிலிருந்து வெளியே போயிருக்கலாம். பௌலர் பிறந்தது 1849இல், லண்டனில், குதிரையில் போகும் வேட்டைக்காவலர்களின் தலையில் மரக்கிளை அடிக்காமலிருக்க. அங்கிருந்து சாப்ளின், லாரல் ஹார்டி, மக்ரிட்டின் ஓவியங்கள், 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் இரும்பு விளிம்பு வைத்த தொப்பியை வீசிக் கொல்லும் ஆட்ஜாப் வரை போய்விட்டது. இவற்றில் ஒன்றைச் சொல்லி ஜாஸ் கலைஞரைக் கேட்டால், நடுவில் இணைப்பது தொப்பியின் பெயர் மட்டுமே. வேறு ஆழமான தொடர்பைத் தேடி உட்காராதீர்கள்.

## அறிகுறி 4: எல்லாப் பெயரும் தெரியும், ஆனாலும் விடை தப்பு

அதிக மதிப்பெண் போவது இங்கேதான். ஒரு மாதிரிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்:

*"வேதியியல் ஆசிரியர் ஒருவர் தலையை மொட்டையடித்த பின் மாட்டிக்கொண்ட தொப்பி, ஒரு ஜாஸ் கலைஞருக்காக எழுதப்பட்ட அஞ்சலி இசையின் தலைப்பில் இருக்கிறது. அதை எழுதியவர் வாசித்த கருவி எது?"*

ஆசிரியர் வால்டர் வைட், தொடர் 'பிரேக்கிங் பேட்', தொப்பி போர்க் பை. போர்க் பை என்றதும் லெஸ்டர் யங், உடனே கை பஸ்ஸரில் போய்விடும், "சாக்ஸபோன்!" தப்பு.

இந்த ஒரு மெட்டைச் சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள். அஞ்சலி யாருக்கு? 1959 மார்ச் 15 அன்று இறந்த லெஸ்டர் யங்குக்கு. எழுதியது யார்? சார்ல்ஸ் மிங்கஸ். 'குட்பை போர்க் பை ஹாட்' என்ற பெயரில் அதே ஆண்டு மே மாதம் 'மிங்கஸ் ஆ உம்' இசைத்தட்டுக்காகப் பதிவானது. கிட்டாரில் வாசித்துப் பிரபலமாக்கியது யார்? ஜெஃப் பெக், 1976இல் 'வயர்டு' இசைத்தட்டில். வரிகள் எழுதிப் பாடியது யார்? ஜோனி மிட்செல், 1979இல். அந்த இசைத்தட்டின் பெயரே 'மிங்கஸ்', ஆனால் அது வெளிவரும்போது மிங்கஸ் உயிரோடு இல்லை. நம் மாதிரிக் கேள்வி கேட்பது எழுதியவரின் கருவியை. விடை டபுள் பேஸ்.

சோதனை: கேள்வியில் ஆளைச் சுட்டும் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். எழுதியவரா, வாசித்தவரா, பாடியவரா, நினைவுகூரப்பட்டவரா? வட்டமிடாமல் பஸ்ஸரைத் தொடக்கூடாது என்று குழுவுக்குள் ஒரு விதியே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு பலன் இருக்கிறது.

அதிலும் தப்பினால்: மெட்டுக்கு இரண்டாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். மிங்கஸ் இதே மெட்டை 1963இல் மறுபடி பதிவு செய்தபோது 'தீம் ஃபார் லெஸ்டர் யங்' என்று பெயர் வைத்தார். தலைப்பில் தொப்பியே இல்லாமல் தொப்பிக் கேள்வி வரும் இடம் இது. பெயரை வைத்து இதைக் கண்டுபிடிப்பது சிரமம், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். நேரம் இருக்கும்போது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. அந்த மெட்டின் அழகுக்காகவே செய்யலாம்.

## அறிகுறி 5: ஜாஸ் பக்கம் சரி, சினிமாப் பக்கம் திறக்கவில்லை

முதலில் தொப்பியைத் திரைப்பக்கம் மாற்றிப் பாருங்கள். போர்க் பைக்கு வால்டர் வைட் மட்டும் இல்லை. 1971இல் வந்த 'த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தில் ஜீன் ஹாக்மன் நடித்த போலீஸ்காரர் பாப்பாய் டாயில் போடுவதும் அதுதான். இன்னும் பின்னால் போனால் மௌனப் படங்களின் பஸ்டர் கீட்டன். அவர் தன் தொப்பியைத் தானே செய்துகொண்டார். ஃபெடோராவை (உச்சியில் நீளவாக்கில் மடிப்பு விழுந்த, விளிம்பு வைத்த மென்மையான தொப்பி) வெட்டித் தட்டையாக்கி, விளிம்பு விறைப்பாக நிற்கச் சர்க்கரைத் தண்ணீர் தடவிக் காயவைப்பார். "சர்க்கரை" என்று ஒரு சம்பந்தமில்லாத துப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ் கலைஞரே நடித்த படமா என்பது அடுத்த சோதனை. 1986இல் வந்த 'ரவுண்ட் மிட்நைட்' படத்தில் கதாநாயகன் டெக்ஸ்டர் கார்டன், நிஜ வாழ்க்கையிலும் டெனர் சாக்ஸபோன்காரர். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். அந்தப் பாத்திரம் லெஸ்டர் யங், பியானோ கலைஞர் பட் பவல் இருவரின் வாழ்க்கையைக் கலந்து எழுதப்பட்டது. ஆகவே "நடித்தவர் யார்", "யாரை வைத்து எழுதினார்கள்" இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

கடினமானது ஃபெடோரா. அது ஊரெல்லாம் இருக்கும் தொப்பி என்பதால் ஒரு தொப்பி எதையும் சொல்லாது. இரண்டு ஃபெடோராக்களைக் கொடுத்து நடுவில் இருப்பவரைக் கேட்பார்கள். ஃபிராங்க் சினாட்ரா ஒரு பக்கம், மைக்கேல் ஜாக்சன் மறுபக்கம். ஜாக்சன் 1983இல் 'பில்லி ஜீன்' பாடலுக்கு முதன்முதலில் மேடையில் மூன்வாக் செய்தபோது கறுப்பு ஃபெடோரா போட்டிருந்தார். நடுவில் இருப்பவர் குவின்சி ஜோன்ஸ். இளவயதில் லயனல் ஹாம்ப்டன் குழுவில் டிரம்பெட் வாசித்த ஜாஸ்காரர். 1964இல் சினாட்ராவும் பேஸியும் சேர்ந்து செய்த 'இட் மைட் ஆஸ் வெல் பி ஸ்விங்' இசைத்தட்டுக்கு இசைக்கோவை அமைத்தவர், பின்னால் 'த்ரில்லர்' இசைத்தட்டின் தயாரிப்பாளர்.

ஒரு பொறி இதில் உண்டு. சினாட்ராவும் பேஸியும் அதற்கு முன் 1962இல் செய்த இசைத்தட்டுக்கு இசைக்கோவை நீல் ஹெஃப்டி. அவர் 1966 பேட்மேன் தொடரின் முகப்பு இசையை எழுதியவர். ஆகவே மறுமுனையில் ஜாக்சன் இருந்தால் ஜோன்ஸ், பேட்மேன் இருந்தால் ஹெஃப்டி.

## அறிகுறி 6: விடை வந்துவிட்டது, மனசு ஒப்பவில்லை

ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். இறந்தவர் இறந்த பின் வாசித்ததாக வருகிறதா? அப்புறம், ஒவ்வொரு துப்பும் விடையில் ஏதாவது வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஒரு துப்பு சும்மா நின்றால் நீங்கள் பாதி வழியில் இறங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். இரண்டு சோதனையும் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாது.

## எப்போது விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவது

வடிவம், கருவி, வினைச்சொல், ஆண்டு நான்கையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் நகரவில்லை. இதற்கு மேல் தேடுபொறியில் முட்டிக்கொண்டிருப்பது வீண். யாரிடம் போவது என்பது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மியூட், ஹை-ஹாட் மாதிரிக் கருவி விஷயம் என்றால் பித்தளைக் கருவி வாசிக்கும் ஒருவரிடம் கேளுங்கள், பேண்டு வாத்தியக் குழுவில் இருப்பவர்கூடப் போதும். ஒலித்துண்டு கொடுத்து யார் என்று கேட்டிருந்தால், இருபது முப்பது வருடமாக ஜாஸ் கேட்டு வருபவர்தான் வேண்டும். லெஸ்டர் யங்கின் மெல்லிய தொனியை அவர்கள் இரண்டு சுரத்தில் சொல்லிவிடுவார்கள், நாம் எவ்வளவு படித்தாலும் அது வராது. பழைய இசைத்தட்டு விற்கும் கடைக்காரர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. போகும்போது கேள்வியை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல் எழுதிக் கொண்டுபோங்கள். நீங்கள் சுருக்கிச் சொல்லும்போது விட்டுவிடும் சொல்தான் பெரும்பாலும் அவருக்கு வேண்டியதாக இருக்கும்.

கேள்வியிலேயே தவறு என்று தோன்றினால், உதாரணமாக வால்டர் வைட்டின் தொப்பியை ஃபெடோரா என்று எழுதியிருந்தால், போட்டி நடக்கும்போதே கையை உயர்த்திக் கேள்வி தயாரித்தவரிடம் கேட்டுவிடுங்கள். வாக்குவாதம் வேண்டாம், "எந்தத் தொப்பி என்று ஒரு தடவை சொல்ல முடியுமா, சார்?" என்றால் போதும். விடை அறிவித்த பிறகு கேட்டால் அந்தத் திருத்தத்தால் உங்களுக்கு ஒரு மதிப்பெண்ணும் வராது.